புளியரை வளைவில் ஒரு சின்ன வண்டி

ராஜபாளையத்தைத் தாண்டித் தெற்கே போகும் கொல்லம் சாலையில் வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஓர் ஊர். ஊருக்கு ஊர் வேகத்தடை, நடுவில் புளியமரம், கரும்பு ஏற்றிய டிராக்டர், திடீரென்று சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தை. இந்தச் சாலையில் எண்பதைத் தொட்டால் அதிகம். ஆனால் முப்பதிலிருந்து எண்பதுக்கு எத்தனை சீக்கிரம் ஏறுகிறது, எண்பதிலிருந்து முப்பதுக்கு எத்தனை நேராக இறங்குகிறது என்பதில் ஒரு வண்டியின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜூலை மாதச் சாரலில் இந்த வழியாக வாசுதேவநல்லூருக்குப் போனேன். ஓட்டிப் போனது டியாகோ ஜேடிபி. சிவப்பு உடம்பு, கறுப்புக் கூரை, பானட்டில் காற்று வாங்க இரண்டு திறப்பு. பார்ப்பவர்கள் சாதாரண டியாகோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். அந்த வண்டியின் கதை நம் கோயம்புத்தூரில் தொடங்கியது. பந்தய ஓட்டுநராக இருந்த ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து உருவாக்கியது அது. 2018 அக்டோபரில் விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். சாதாரண டியாகோவில் 84 குதிரைத்திறன். இதில் டர்போ வைத்த 1,199 சிசி என்ஜினில் 112. கியர் விகிதத்தை மாற்றினார்கள், ஸ்டியரிங்கைத் திருத்தினார்கள், சஸ்பென்ஷனை நான்கு மில்லிமீட்டர் இறக்கினார்கள். நான்கே மில்லிமீட்டர். நம் ஊர் வேகத்தடை தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. 2020இல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது வண்டியும் நின்றது, அந்தக் கூட்டு நிறுவனமும் முடிந்தது. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

வாசுதேவநல்லூரில் இருப்பவர் என் தாய்மாமா. எழுபதைத் தாண்டியவர். ஊருக்கு மேற்கே எலுமிச்சைத் தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் வைத்திருக்கிறார். இளம் வயதில் சென்னையில் படித்தபோது சோழவரம் பந்தயங்களுக்குப் போய்ப் போய்க் கார்ப் பைத்தியம் பிடித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் அவை. அம்பாசடரும் ஃபியட்டும் ஹெரால்டும் சீட்டையும் பம்பரையும் கழற்றிப் போட்டுவிட்டு அங்கே சீறிய கதைகளைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். எனக்கு வண்டி ஆசை வந்தது அவரால்தான். அதனால்தான் இந்த வண்டியை அவர் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று இப்போது கம்பெனிகள் விற்கும் வண்டிகள், ஐம்பது வருடமாகக் காரை நேசிக்கிற ஒரு மனிதருக்குப் பிடிக்குமா? எனக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது.

சிந்தாமணிநாதர் கோயில் பக்கம் திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அர்த்தநாரீசுவரராகச் சிவன் இருக்கும் கோயில் அது. மாமா வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"வாய்யா, மொதல்ல சாப்பிடு" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கே அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கட்டிய கார், 948 சிசி. 1961இல் இங்கே தயாரிப்பு தொடங்கியது. இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம். மாமா முன்பக்கத்தின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்து, மட்கார்டோடு சேர்ந்த மொத்த மூக்கையும் முன்னால் சாய்த்தார். என்ஜினும் இரண்டு முன்சக்கரமும் திறந்த வெளிக்கு வந்தன. டயர் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கார்புரேட்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கை எட்டியது. ஹெரால்டு வைத்திருந்த எல்லோரும் வேலை பார்ப்பது இப்படித்தான். துணியால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இதே சேஸைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கி, ரெண்டு சீட்டு வச்சு ஸ்பிட்ஃபயர்னு ஒண்ணு போட்டான், தெரியுமா?"

தெரியும். 1962இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் கொண்டுவந்த அந்த வண்டியில் 1,147 சிசி என்ஜின், 63 குதிரைத்திறன்தான். கூரையை மடிக்கலாம். நடுத்தர வருமானக்காரர்கள் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. அதன் எலும்புக்கூடு பெருங்களத்தூரில் நம் கையிலேயே இருந்தது. ஆனால் லைசென்ஸும் கோட்டாவுமாக இருந்த அந்தக் காலத்தில் ஹெரால்டு கிடைப்பதே பெரிய விஷயம். ஸ்பிட்ஃபயர் இங்கே தயாராகவே இல்லை. மாமா அதைப் பல வருடமாகச் சொல்லி வருத்தப்படுகிறார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஒரு தலைமுறைக்கே கிடைத்திருக்க வேண்டிய வண்டி அது.

அதற்குப் பிறகும் முயற்சிகள் நடந்தன. பெங்களூரில் 1980களில் வந்த டால்ஃபினை, ஃபைபர் உடம்போடு எடை குறைவாக இருந்ததால் ராலிக்காரர்கள் தேடி வாங்கினார்கள். 1990களின் இறுதியில் சான் ஸ்டார்ம் வந்தது. ரெனோ என்ஜின் வைத்த, கூரை மடிக்கிற, இரண்டே சீட்டுள்ள சின்ன வண்டி. விற்பனை சூடு பிடிக்கவில்லை. பிறகு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் 1.6, 2000இல் ஹோண்டா சிட்டி விடெக், 2001இல் ஃபியட் பாலியோ 1.6. இந்த மூன்றின் பேரைச் சொன்னால் நாற்பது வயதுக்கு மேற்பட்ட கார்ப் பிரியர்களின் முகம் இன்றும் மாறும். கோயம்புத்தூரில் எஸ். கரிவர்தன் மாருதி 800 என்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியே கட்டினார். பணக்காரர்களின் விளையாட்டாக இருந்ததைச் சாதாரணப் பையன்கள் எட்டிப் பிடிக்கும் விலைக்கு இறக்கிய மனிதர் அவர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பேரைத்தான் வைத்தார்கள். ஜேடிபி மாதிரி ஒரு வண்டி வேறு எந்த ஊரிலிருந்தும் வராமல் கோயம்புத்தூரிலிருந்து வந்தது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

சாயங்காலம் மாமா தனக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். பானட்டைத் திறந்ததும் அவர் முதலில் தேடியது டர்போவை. டார்ச் அடித்து அதன் ஆயில் குழாயையும் இன்டர்கூலர் ஹோஸையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு உள்சாமான் எங்க கெடைக்கும்?"

"பாதிக்கு மேல சாதாரண டியாகோ சாமான்தான். பிரேக் பேட், பேரிங் எல்லாம் எங்கயும் கெடைக்கும்."

"டர்போ போச்சுன்னா?"

"ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும்."

மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார். பழைய ஆட்கள் புது வண்டியைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி வேகம் பற்றியது அல்ல. பத்து வருடம் கழித்து இதை யார் கழற்றி மாட்டுவது என்பதுதான். அது பயத்தில் வரும் கேள்வி என்று சில பேர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வண்டியை வெகுநாள் வைத்துக்கொள்ள நினைக்கிறவன்தான் அதைக் கேட்பான்.

மறுநாள் விடியற்காலையில் சாவியை மாமாவிடம் கொடுத்தேன். புளியங்குடியில் எலுமிச்சைச் சந்தைக்கு மூட்டை ஏற்றிய வேன்கள் நின்றுகொண்டிருந்தன. கடையநல்லூர் வரை அவர் ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். பில்லர் தடிமனாக இருக்கிறது, பக்கம் மறைக்கிறது. சீட்டு உயரம். ஸ்டியரிங்கில் ரோடு கைக்குத் தெரியவில்லை.

"ஹெரால்டுல ஒரு கல்லு மேல ஏறுனா எந்த வீல் ஏறிச்சுன்னு உள்ளங்கை சொல்லிரும். இதுல மெத்தை போட்டுத் திருப்புற மாதிரி இருக்கு."

எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வந்த பிறகு எல்லா ஊர்க் கார் பிரியர்களும் சொல்கிற குறை இது. ஹிரோஷிமாவில் மாஸ்டா கட்டும் எம்எக்ஸ்-5 1989இல் வந்தது, 2016இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. அந்த வண்டியைக் கொண்டாடுகிறவர்கள் கூடப் பழைய மாடலின் ஸ்டியரிங்கைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். 2012இல் டொயோட்டா 86 வந்தபோது 200 குதிரைத்திறன் போதாது என்று ஒரு கூட்டமே குறைப்பட்டது. அந்தக் குறையில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைக் கட்டியவர்கள் வேண்டுமென்றே ஒல்லி டயர் போட்டு, குறைந்த வேகத்திலேயே ஓட்டுபவனுக்கு வேலை வைத்தார்கள். அதுதான் சரியான யோசனை.

செங்கோட்டை தாண்டிப் புளியரைக்கு வந்தோம். கணவாய்க் காற்று சாரலை வாரி அடித்தது. கேரளத்துக்கு லோடு ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக முக்கிக்கொண்டு ஏறின. கோட்டைவாசலுக்கு முன்னால் வரும் எஸ் வளைவு இந்தப் பக்கத்து டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். லோடு வண்டி அங்கே நின்றால் பின்னால் ஒரு கிலோமீட்டர் அடைத்துக்கொள்ளும். மாமா வளைவுக்கு முன்பே மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டார். ஒரு டேங்கர் ஒதுங்கி வழிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். டர்போ மூச்சு எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம் பிடித்தது. அதன்பின் வண்டி ஏற்றம் என்பதே தெரியாமல் இழுத்தது. ஈரச் சாலையில் மூக்கு கொஞ்சம் வெளியே போகப் பார்த்தது. அவர் காலை லேசாகத் தூக்கியதும் உள்ளே வந்தது. அடுத்த திருப்பத்தில் அதையே திரும்பச் செய்து பார்த்தார், இந்த முறை தெரிந்தே. ஸ்பீடோ மீட்டர் ஐம்பதைத் தாண்டவில்லை.

ஆரியங்காவு வரை அவர் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் தெரிகிற இடத்தில் ஓரம் கட்டினார்.

"ஏய்யா, ஹெரால்டு இந்த ஏத்தத்துல கொதிச்சிரும். பாதியில நின்னு தண்ணி ஊத்தணும். இது சும்மா ஏறுது. ஏறும்போது நமக்கும் வேலை குடுக்குது."

நான் கேட்க வந்த பதில் அதுதான். ஐநூறு குதிரைத்திறன் வண்டியால் இந்தச் சாலையில் ஒன்றும் செய்ய முடியாது. அதன் எல்லை எங்கே என்று பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். 112 குதிரைத்திறன் சின்ன வண்டியின் எல்லையைப் புளியரை வளைவில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், யாருக்கும் ஆபத்தில்லாமல் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பெரிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாதவனுக்கான ஆறுதல் பரிசு என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நம் சாலைக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார்.

அப்படியானால் இந்த மாதிரி வண்டிகள் ஏன் நிலைக்கவில்லை? வரிக் கணக்கு ஒரு காரணம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் என்ஜினும் உள்ள கார்களுக்கு எக்ஸைஸ் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. அன்றோடு பாலியோ 1.6 போன்ற வண்டிகளுக்கு வழி அடைந்தது. சின்ன உடம்பில் பெரிய என்ஜின் வைத்தால் வரி ஏறும். ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. அதனால்தான் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனில் 998 சிசி டர்போ இருக்கிறது. ஐரோப்பாவில் விற்ற 1.6 லிட்டர், 204 குதிரைத்திறன் ஐ20 என் இங்கே வரவில்லை. டர்போ என்பது நம் ஊரில் வரிச் சட்டம் கொடுத்த வழி.

இன்னொரு காரணம் நாம்தான் என்று நினைக்கிறேன். புகழ்வோம், ஓட்டிப் பார்ப்போம், விற்பனை நின்ற பிறகு செகண்ட் ஹேண்டில் தேடி அலைவோம். ஷோரூமில் பணம் கட்டுகிற அன்று வீட்டில் மைலேஜ் கேட்பார்கள், பின்சீட்டில் மூன்று பேர் உட்கார முடியுமா என்று கேட்பார்கள், நாம் பேசாமல் வேறு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். கோயம்புத்தூரில் சில பேர் உயிரைக் கொடுத்துச் செய்த வண்டி இரண்டு வருடத்தில் நின்றுபோனதற்கு அந்த மௌனத்திலும் பங்கு இருக்கிறது.

திரும்பி வரும்போது செங்கோட்டையில் டீ குடித்தோம். மாமா விலை கேட்டார். இந்த வண்டியே வேண்டும் என்றால் பழசுதான் கிடைக்கும் என்றேன். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஐ20 என் லைன் இருக்கிறது, 120 குதிரைத்திறன் என்றேன்.

"அதுல கிளட்ச் பெடலே இல்லன்னு சொன்னாங்களே?"

"அது 2021இல வந்தது மாமா. 2023இல மாத்திட்டாங்க. இப்ப ஆறு கியர், மூணு பெடல்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். புதுசா எடுங்க மாமா. நாம எடுத்தாத்தான் அவன் அடுத்ததைச் செய்வான்."

டம்ளரைக் கீழே வைத்தார். "திருநெல்வேலி ஷோரூமுக்குப் போன் போடு. டெஸ்ட் டிரைவுக்கு மேனுவல் வச்சிருக்கானான்னு கேளு. டவுனுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டு வர்றதெல்லாம் நமக்கு வேண்டாம். புளியரை வரைக்கும் எடுத்துட்டுப் போக விடுவானான்னு கேளு."