மோட்டாரைக் குறை சொல்லும் முன்

ஸ்டெப்பர் மோட்டாரை முதன்முதலில் இணைப்பவர்கள் பலரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். தண்டு சுற்றாது, இருந்த இடத்திலேயே கிர்ரென்று அதிரும். கல்லூரிப் புராஜெக்டுக்காக என்னிடம் வரும் பிள்ளைகள் "மோட்டார் போச்சு சார்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ரிச்சி தெருவுக்குப் போய் இன்னொன்று வாங்கி வரவும் தயாராக இருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களை உட்கார வைப்பேன். சாதாரண டிசி மோட்டார்போல இதில் தேய்ந்துபோக பிரஷ் கிடையாது. காந்தம், காயில், பேரிங், சிலவற்றில் பல்சக்கரம், அவ்வளவுதான். இது கெடுவது அபூர்வம். தாறுமாறாக ஓடினால், நாம் கொடுக்கும் வரிசையிலோ கரண்டிலோ வேகத்திலோ கோளாறு இருக்கிறது.

முதலில் வரிசை. எல்லோரும் வாங்கும் சின்ன 28பிஒய்ஜே-48 மோட்டாரோடு யுஎல்என்2003 போர்டு வரும். அதில் ஏ, பி, சி, டி என்று நான்கு எல்இடி உண்டு. வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு அவற்றைப் பாருங்கள். ஆர்டுயினோவின் ஸ்டெப்பர் லைப்ரரி ஒரு நேரத்தில் இரண்டு விளக்கை எரிய வைக்கும். அவை பக்கத்துப் பக்கத்து விளக்குகளாக இருக்க வேண்டும். ஏ-யும் சி-யும் சேர்ந்து எரிந்தால், ஒரே காயிலின் இரண்டு பாதியும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன என்று அர்த்தம். வயரில் கைவைக்க வேண்டாம். புரோகிராமில் பின்களை 1, 3, 2, 4 என்ற வரிசையில் கொடுத்தால் போதும்.

நீமா 17 போன்ற நான்கு வயர் மோட்டாரில் எந்த இரண்டு வயர் ஒரு ஜோடி என்பதுதான் கேள்வி. நிறத்தை நம்ப முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மோட்டாரைத் தனியே கழற்றி, இரண்டு வயர் முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரே காயிலின் முனைகளாக இருந்தால் தண்டு சட்டென்று இறுகும். இல்லையென்றால் முன்போலவே லேசாகத் திரும்பும். விரலுக்கே தெரிந்துவிடும், மல்டிமீட்டர்கூட வேண்டாம்.

அடுத்தது கரண்ட். ஏ4988 டிரைவரில் ஒரு சின்னத் திருகு உண்டு; ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜை மாற்றி மோட்டாரின் கரண்டுக்கு எல்லை வைப்பது அதுதான். போர்டில் 0.1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், ரெஃபரன்ஸ் 0.8 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர். 0.05 ஓம் என்றால் அதே 0.8 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர். அளக்காமல் திருகினால், ஒன்று மோட்டார் பலமில்லாமல் ஸ்டெப்பைத் தவறவிடும், இல்லை டிரைவர் சூடேறி விட்டுவிட்டு ஓடும். ஒன்று முக்கியம்: கரண்ட் ஓடும்போது மோட்டார் வயரைப் பிடுங்கக் கூடாது, டிரைவர் போய்விடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மேசையே அதிர்கிறதா? அது ரெசொனன்ஸ். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ரோட்டார் சற்றுத் தாண்டிப்போய்த் திரும்பி வந்து நிற்கிறது. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளுவதுபோல, அந்த ஆட்டத்தோடு அடுத்த துடிப்பும் சேர்ந்துகொண்டால் அதிர்வு பெருகும். மைக்ரோஸ்டெப்பிங்கை 16-ல் ஒன்றாக வைத்தால் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் என்பது 3,200 ஆகி ஓட்டம் வழுவழுப்பாகும். எடுத்த எடுப்பில் முழு வேகம் கேட்காமல் படிப்படியாக ஏற்றுவதும் அவசியம். 28பிஒய்ஜே-48-க்கு 5 வோல்ட்டில் நிமிடத்துக்கு 15 சுற்றே ஏறக்குறைய எல்லை. அதற்கு மேல் கேட்டால் நின்ற இடத்தில் முனகும்.

பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வயர், திருகு, புரோகிராம் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி மோட்டார் ஓடிவிட்டால் அன்றைய வேலை முடியும். எதனால் ஓடியது என்பது மட்டும் தெரியாது. காரணம் தெரிந்தவருக்கு அடுத்த புராஜெக்டில் எந்த மோட்டார் முரண்டு பிடித்தாலும் எங்கே தொடங்குவது என்று தெரியும். புது மோட்டார் வாங்கிக்கொண்டு வருபவர் அதே வரிசையில், அதே கரண்டில், அதே சத்தத்தைத்தான் மறுபடியும் கேட்பார்.