அரிசிக் கணக்கு

மலேசியாவில் சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் சாலையில் இப்போது இருபுறமும் செம்பனை. முன்பு ரப்பர்; அதற்கும் முன்னால் இந்த வட்டாரத்தில் காப்பி பயிரிட்டார்கள். லின்சம் தோட்டத்தைத் தாண்டியபின் ஓரிடத்தில் மட்டும் கிழட்டு ரப்பர் மரங்கள் நாலைந்து நின்றன. இறங்கிப்போய், மேடுதட்டிப்போன வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தேன்.

நான் தேடி வந்தது ஒரு செக்ரோலை, தோட்டத் தொழிலாளர்களின் வருகையும் கூலியும் பதிந்த ஏட்டை. தோட்ட ஆபீசைக் காலிசெய்தபோது குப்பைக்குப் போக இருந்ததை அங்கே எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“கையத் தொடச்சிட்டுத் தொடும்மா,” என்றார்.

கரையான் அரித்த ஓரம், மங்கிய மை. இடப்பக்கம் நம்பரும் பெயரும். அடுத்து முப்பத்தொரு கட்டங்கள். காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்கு நின்று வேலைக்குப் போனால் ஒரு கோடு, இல்லையென்றால் கட்டம் வெறுமை. கடைசியில் கூலி, அதில் கழித்த அரிசி. 1920களின் இறுதியில் பல தோட்டங்களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40. அந்தப் பத்துக் காசு வித்தியாசம் பக்கம் பக்கமாக, அழகான கையெழுத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே மூன்று வாரம் வெற்றுக் கட்டங்கள். காய்ச்சலா, பிரசவமா? அங்கே ஒரு குழந்தையை எழுதிவிட என் கவிதைக்குக் கை பரபரத்தது. எழுதவில்லை. கட்டங்களை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டேன்.

சில ஏடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கயானாவின் கரும்புத் தோட்டத்தில் உழைத்த லால்பிகாரி சர்மா, ஹோலிப் பாடல்களை எழுதி 1916இல் சிறுநூலாக அச்சிட்டார். அதன் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் கிடந்தது. ஒரு நூற்றாண்டு கழித்துக் கவிஞர் ராஜீவ் மொஹாபிர் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1954இல் வத்திக்கானில் கண்டெடுத்த, பாதிரியார் புரோயன்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை மலாயாப் பல்கலைக்கழகம் 1966இல் வெளியிட்டது. எங்கோ ஒரு நூலகம் காத்துவைத்ததால் அவை நம் கைக்கு வந்தன. லயத்துப் பெண்கள் ஆயாக் கொட்டகையில் பாடிய தாலாட்டுக்கு எந்த நூலகம் இருந்தது? என்னைப் போன்றவர்கள் கூலிக் கணக்கைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அதையும் கரையானுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்?

கிராணியின் மனைவி தேநீரோடு வந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வெற்றுக் கட்டங்களைக் காட்டி, இந்த மூன்று வாரம் பற்றி ஏடு எதுவுமே சொல்லவில்லையே பாட்டி என்றேன்.

“அரிசி எவ்வளவு புடிச்சிருக்கு?” என்று கணவரிடம் கேட்டார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முந்தைய மாதங்களையும் புரட்டிப் படித்தார்.

“பாத்தியாம்மா, அந்த மாசம் மட்டும் அரிசி கூட வாங்கியிருக்கா. யாரோ ஒருத்தி வந்து தங்கி, ஆக்கிப் போட்டிருக்கா.”

நான் மறுபடி நோட்டைத் திறந்தேன். கட்டங்களுக்குப் பக்கத்தில் அரிசிக் கணக்கையும் எழுதிக்கொண்டேன்.