கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று

தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர் தமிழர். ஊர்தியின் கண்ணாடிகளை முற்றும் ஏற்றிவிட்டால் உள்ளே தேங்கும் காற்று இந்நான்கனுள் எதுவும் அன்று.

யாம் இளமையில் பரமக்குடியிலிருந்து மதுரைக்குச் சென்ற பேருந்துகளில் பீடிப் புகையும் மிளகாய் மூட்டையின் நெடியும் கலந்தே இருந்தன. பொது ஊர்திகளில் புகைபிடித்தலை உச்சநீதிமன்றம் 2001ஆம் ஆண்டு தடைசெய்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. அத்தீமை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்தது. ஆதலின் எதிர்க்க முடிந்தது. குளிரூட்டிய சிற்றூர்திகளில் இன்று நேரும் தீமையோ புலனுக்கு எட்டாதது.

குளிர்சாதனம் காற்றைக் குளிர்விக்குமேயன்றிப் புதுக்காற்றைப் படைத்துத் தராது. உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்திவிட்டால், விட்ட மூச்சையே மீண்டும் இழுக்கின்றோம். வெளிக்காற்றில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்காக உள்ள கரியமில வாயு, நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு. ஐவர் அமர்ந்த ஊர்தியில் அது விரைந்து பெருகும்; தலை கனக்கும்; கவனம் மங்கும்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரை வழியனுப்பக் குடும்பமே இரவோடிரவாக விமான நிலையம் செல்வது நம் பகுதி வழக்கம். எம் குடும்பத்தாரும் அவ்வாறு சென்றதுண்டு. குழந்தைகளும் முதியோரும் பின்னிருக்கையில் உறங்க, அனைவர் உயிரும் ஓட்டுநர் ஒருவரின் விழிப்பில் தங்கியிருக்கும் பயணம் அது.

கார்பன் மோனாக்சைடு இதனினும் கொடியது. நிறமும் மணமும் அற்ற அது, குருதியிலுள்ள ஹீமோகுளோபினை உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். கரிமூட்டம் கண்ட நம் மாவட்டத்தார்க்கு, காற்றுப் போதாமல் எரியும் நெருப்பின் இயல்பு புதிதன்று. எஞ்சினுள்ளும் அந்நஞ்சே பிறக்கின்றது. நிறுத்திய ஊர்தியில் எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை அடைத்து உறங்குவோரை, உள்ளே கசியும் புகை விழிக்காமலே செய்துவிடலாம்.

மாணவச் செல்வங்களே! லாரிப் புகைக்குப் பின்னே செல்லுங்கால் அப்பொத்தான் பயன்படும். புகை நீங்கியதும் அதனை விடுவித்து வெளிக்காற்றுக்கு வழிவிடுங்கள். இளைப்பாற நிறுத்தினால் எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். ஓட்டுநருக்கு ஒரு கோப்பைத் தேநீரும் சற்று நேர நடையும் தாருங்கள். வழியனுப்பச் சென்றவர் அனைவரும் நலமாக வீடு திரும்புதல் வேண்டும் அன்றோ?