நான் எடுக்காத அழைப்பு

2018 ஆகஸ்ட் 15 அன்று பகல் 12 மணி கடந்ததும் என் சட்டைப்பையில் போன் அடித்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்காமலே தெரிந்தது. சத்தத்தை அடக்கிவிட்டு, பஸ்ஸில் இருந்த 22 பேருக்கும் வங்காலைக் கடனீரேரியைக் காட்டி, மாரியில் அங்கே வந்து நிற்கும் பூநாரைகளைப் பற்றிப் பேசினேன். பாலம் தாண்டி மன்னார்த் தீவுக்குள் போவதற்குள் போன் இன்னும் மூன்று தரம் அடித்தது. ஒருதரமும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதற்கு ஏழு வருஷம் பொய் சொன்னேன்.

நான் மன்னார்க்காரன். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு, 2015இல் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஊர் திரும்பி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினேன். வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், பள்ளிமுனையில் பெருக்கமரத்தின் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், தலைமன்னார் இறங்குதுறையில் இராமர் அணை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், பின்னேரம் போய்விடுவார்கள். வழியெல்லாம் மீனவக் கிராமங்கள். அங்கே ஒரு தேத்தண்ணிக் காசுகூட விழாது. இதை மாற்றவேண்டும் என்று நான் உண்மையாகவே நினைத்தேன். அந்த நினைப்பில் பொய் இல்லை.

வடகரையில் ஒரு கிராமத்தில் ஐந்து பெண்களிடம் போய்ப் பேசினேன். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அவர்களை ஏற்கனவே போதுமான அளவு காட்சிக்கு வைத்துவிட்டேன். வருகிறவர்களுக்கு நீங்கள் மதியச் சாப்பாடு போடுங்கள், ஆட்களை நான் கொண்டுவருகிறேன் என்றேன். கேரளத்துக் குமரகத்தில் 2008 முதல் சுற்றுலா விடுதிகளுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் காய்கறி விளைத்துக் கொடுப்பதைச் சொன்னேன். அங்கே பொருளுக்கு விலையை எல்லாரும் கூடியிருந்து முடிவுசெய்தார்கள் என்பதையும் படித்திருந்தேன். அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். ஏனென்றால் எங்கள் விலையை நானே போட்டிருந்தேன். வருகிறவரிடம் தலைக்கு 1,500 ரூபாய், அவர்களுக்கு 600. நண்டும் அரிசியும் விறகும் அந்த 600க்குள்தான்.

சோழகக் காற்றின் மாதங்களை வெளியூர்க்காரர் அறியமாட்டார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். அந்தப் பக்கத்துப் படகுகள் மணலில் கிடக்கும். வடபக்கம் தொழில் ஓடினாலும் எல்லா வீட்டிலும் ஓடாது. சில வீடுகளில் நகை அடகுக்குப் போகிற காலம் இது. கரைக்குச் சுற்றுலாக்காரர் வருகிற காலங்களில் இதுவும் ஒன்று. மடு மாதா கோவிலின் ஆகஸ்ட் திருவிழாவுக்கு வருகிற சனமும், காற்றைத் தேடிப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரரும் அப்போது வருவார்கள். கடல் தராத மாதத்தில் அடுப்படி காசு தரும் என்று அந்தப் பெண்களுக்குச் சொன்னவன் நான். அதனால்தான் நான் செய்தது சின்னக் காரியம் இல்லை.

அந்த ஆகஸ்ட் 15 அன்று மடுவிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் குழுவின் தலைவர் கேட்டார்: சாப்பிடுகிற இடத்தில் ஏசி இருக்கிறதா, மலசலகூடம் எப்படி? நான் ஒளிக்காமல் சொன்னேன். கிடுகுக் கொட்டில், துப்புரவான மலசலகூடம், ஆனால் வீட்டுக்காரரின் ஒன்றுதான். பின்னால் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். “டவுனில் ஒரு ஹோட்டல் பார்க்கலாமே” என்றார். பிரச்சினை இல்லை என்றேன். அவ்வளவுதான். அங்கே சமைத்துவைத்துக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் வந்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். எனக்கு வாய் வரவில்லை. காசு கொடுக்கிறவர் கேட்டால் மறுக்கத் தெரியாத குணம் என்னிடம் முன்பே இருந்தது. 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலமான வங்காலையில், பறக்கிற படம் வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்காக, சேற்றில் தலைகவிழ்ந்து இரை தேடிய பூநாரைகளைக் கைதட்டிக் கிளப்பியவனும் நான்தான்.

அந்தக் கொட்டிலில் என்ன இருந்தது என்பது பிறகு தெரிந்தது. நண்டு வாங்குகிற கம்பெனிக்கு நிறுக்கவேண்டியதில் பெரியதாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். மிச்சத்தைக் கடனுக்கு வாங்கியிருந்தார்கள். நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை, குத்தரிசிச் சோறு, சொதி. 22 பேருக்கு. பின்னேரம் மூன்று மணிவரை இலையான் விரட்டிக்கொண்டு இருந்துவிட்டு, அயல் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் போனேன். பஸ் முருங்கனில் பழுதாகி நின்றுவிட்டது, போனில் சார்ஜ் இல்லை என்றேன். மூத்த அக்கா, “பரவாயில்லை தம்பி, நீங்களும் வெயிலுக்க கஷ்டப்பட்டிருப்பீங்கள்” என்று தண்ணி கொண்டுவந்து தந்தார். குடித்தேன். பாதிக் காசு கொடுத்தேன், மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னேன். தரவில்லை. பிறகு இரண்டு தரம் ஆட்களைக் கொண்டுவருவதாகச் சொன்னபோது, முன்காசு கேட்டார்கள். எனக்கு ரோஷம் வந்தது. அத்தோடு அந்த வழியால் போவதை விட்டேன். அவர்கள் வலையில் நண்டு கழற்றுகிற கூலிக்குத் திரும்பினார்கள்.

அந்தத் திட்டம் ஏன் நின்றது என்று கூட்டங்களில் கேட்பார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு என்பேன். பிறகு கொரோனா என்பேன். 2022இல் டீசல் இல்லாத காலத்தையும் சேர்த்துக்கொள்வேன். எல்லாம் நடந்தவைதான், எல்லாம் சுற்றுலாவை முறித்தவைதான். ஆனால் எங்களுடையது குண்டு வெடிப்பதற்கு எட்டு மாதம் முன்னரே முறிந்துவிட்டது. முறித்தது நான்.

2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மண் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் சனம் வீதியில் இருந்தது. நானும் போனேன். எங்களைக் கேட்காமல் எங்கள் கரையில் முடிவெடுக்கிறார்கள் என்று தொண்டை கட்டக் கத்தினேன். பக்கத்தில் பெண்கள் வரிசையில் அந்த அக்கா சுலோக மட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு எனக்குச் சத்தம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, தரவேண்டிய மீதிக் காசோடு அவர் வீட்டுக்குப் போனேன். பஸ் பழுதாகவில்லை, போன் என் பையில்தான் அடித்துக்கொண்டிருந்தது என்று சொன்னேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். காசை எண்ணவில்லை. கனநேரம் கழித்து ஒன்று கேட்டார்.

“அண்டைக்கு அந்த ஆக்கள் என்ன சாப்பிட்டவை?”

ஃப்ரைட் ரைஸ் என்றேன். கோழி போட்டது.