காற்று நின்ற வேளை

காலத்தைப் பிரித்தறிய உலகத்தார் பல அளவைகளை வைத்துள்ளனர். நான் பிறந்து வளர்ந்த மட்டக்களப்பு நாட்டில் வழங்கிய அளவை ஒன்றே: 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி.' ஒருவருடைய கலியாணமும், ஒரு வீட்டின் வயதும், வயற்காணி கைமாறிய காலமுங்கூட இவ்வாறே கணிக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு வீசிய அச்சூறாவளியை நான் நேரிற் கண்டேனல்லேன். அதற்கு மறு ஆண்டிலே பிறந்தவன். எனினும் என் பிள்ளைப் பருவம் முழுவதும் அதன் நிழலிலேயே கழிந்தது.

எங்கள் எழுவான்கரைக் கிராமத்துத் தென்னைகள் பெரும்பாலும் என் வயதினவே. மாவட்டத்திலிருந்த ஏறக்குறைய 28,000 ஏக்கர்த் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஓரிரவில் அழிந்தது. பின்னர் நட்ட கன்றுகள் காய்த்துப் பயன்தர ஆறேழு ஆண்டுகள் சென்றன. அதுவரையும் கறிக்குத் தேங்காயைக் கடையில் வாங்க நேர்ந்தமை, தோப்பின் நடுவே வாழ்ந்த என் அம்மம்மாவுக்குப் பெரும் நாணமாயிருந்தது. சாய்ந்தும் சாகாத மரங்கள் சில, நிலத்திற் கிடந்தபடியே நுனியை மேலே நிமிர்த்தி வளர்ந்தன. சிறுவர்களாகிய எங்களுக்கு அவையே குதிரைகள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், எங்கள் ஒழுங்கையிற் பல வீடுகளில் ஒருங்கே திவசம் நிகழும். ஐயர் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு விரைவார். எல்லா ஊர்களிலும் அப்படித்தான் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நாட்டில் 900க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தச் சூறாவளி, என் அம்மப்பாவையும் கொண்டுபோயிற்று.

அன்றிரவு வடக்கிலிருந்து வீசிய காற்றில் வீட்டுக் கூரை பறந்தது. குடும்பத்தார் சுவரோரம் ஒடுங்கியிருந்தனர். நள்ளிரவை அண்டிக் காற்று அடியோடு நின்றது. கன்று ஈன்ற பசு கொட்டிலிற் கதறும் ஓசை அப்போதுதான் காதில் விழுந்ததாம். அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு அம்மப்பா வெளியே சென்றார். சற்று நேரத்தில், தெற்கிலிருந்து முன்னிலும் கடுமையாகக் காற்று எழுந்தது. ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்திருந்த மரங்கள், மறு பக்கமாக முறிந்து விழுந்தன. விடிந்தபோது பசு உயிரோடு நின்றது.

நான் உயர்தர வகுப்பிற் புவியியல் பயின்ற காலத்தில், சூறாவளியின் நடுவே 'கண்' எனப்படும் அமைதியான வட்டம் உண்டென்பதையும், அது கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து காற்று வீசும் என்பதையும் அம்மம்மாவுக்கு விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

"மாடு கத்துது, போய்ப் பாருங்க எண்டு சொன்னது நான்தான் மனே," என்றார் பின்னர். "இது படிச்ச ஆக்களுக்கு அப்பவே தெரியுமா?"

தெரியும். பல தலைமுறைகளாகவே தெரியும். ஆனால் அந்த அறிவு நூல்களிலும் அலுவலகங்களிலும் இருந்ததேயன்றி, எங்கள் கிராமத்து அடுப்படிக்கு வந்து சேரவில்லை. அம்மம்மாவின் வினா கல்வியாளர் அனைவரையும் நோக்கிய வினா என்றே நான் கொள்கிறேன். நாம் கற்றது, அதனால் உயிர் பிழைக்கவேண்டியவரின் வீட்டுக்குப் போகாவிடின், அக்கல்வியாற் பயன் யாது?

இன்று ஆசிரியனாக நின்று, ஒவ்வோராண்டும் மாரி தொடங்குமுன் என் மாணவருக்கு இதனை ஓதி வருகிறேன். அவர்கள் எழுதிக்கொள்வதோடு அமையாமல், அன்று மாலையே வீட்டிலுள்ள முதியோருக்குச் சொல்லவேண்டும் என்பதே நான் இடும் வீட்டுவேலை. கீழைக் கரையில் வாழும் வாசகர்களும் இதனைத் தம் இல்லத்தாருக்குச் சொல்லிவைப்பார்களாக: புயலிரவில் காற்றுத் திடீரென நின்றால், கதவைத் திறவாதீர்கள். அது பாதி வழிதான்.