டூப்ளிகேட் சாவியும் அப்பாவின் மெயில்களும்

பேங்க்ல குப்பை கொட்டுறவனுக்கு சர்வர், ஸ்டோரேஜ்னு எதுக்கு வேண்டாத வேலைன்னு கேக்காதீங்க. படிச்சது பி.காம். கம்ப்யூட்டர்ல ஒழுங்காத் தெரிஞ்சது டே எண்ட் போடுறது மட்டும்தான். ஆனாலும் இதைச் சொல்லியே ஆகணும். காரணம் எங்கப்பா.

2004ல பொம்மனஹள்ளிக்கு நான் குடிவந்த புதுசு. பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் பக்கத்துல சின்னதா கம்பெனி நடத்திக்கிட்டு இருந்தார். அவரோட மெயில் சர்வர்ல எனக்கும் ஒரு ஐடி கொடுத்தார். அப்பா திருநெல்வேலியில ரிட்டயர்டு வாத்தியார். பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டி, வாரம் ஒரு மெயில் போடுவார். தங்கிலீஷ்தான். தெருவுல யார் வீட்டுக் கல்யாணம், தாமிரபரணியில தண்ணி எவ்வளவு போகுது, எல்லாம் வரும். கடைசி வரி மட்டும் மாறாது: "கண்டதைத் தின்னு உடம்பைக் கெடுத்துக்காதே."

ஒருநாள் எதையோ ஒழுங்கு பண்றேன்னு அந்த ஃபோல்டரையே அழிச்சுட்டேன். பதறிப்போய் போன் பண்ணினா நண்பர் சிரிச்சார். அஞ்சே நிமிஷம், எல்லாம் திரும்பி வந்துடுச்சு. "ஸ்னாப்ஷாட் சார்"னார்.

அந்த நொடியில டிஸ்க்ல எது எங்க இருக்குன்னு குறிச்சு வச்சுக்குமாம். அப்புறம் எதை அழிச்சாலும், மாத்தினாலும் பழைய துண்டை அப்படியே விட்டு வைக்குமாம். முழு நகல் எடுக்காததால சட்டுனு முடியும், இடமும் கம்மி. மெயில் எழுதிக்கிட்டு இருக்கும்போதே எடுத்தா பாதிப் பக்கம் மாட்டும்னு, ஒரு கணம் எழுத்தை நிறுத்தி எடுப்பாங்களாம். கவுன்டரை மூடிட்டுக் கணக்கு முடிக்கிற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். நிம்மதியாவும் இருந்துட்டேன்.

அப்பா 2012ல போயிட்டார். அடுத்த மழைக்காலம், கரண்ட் போய்ப் போய் வந்ததுல நண்பரோட ஸ்டோரேஜ் பொட்டியே புகைஞ்சு போச்சு. "ஸ்னாப்ஷாட் இருக்குல்ல?"ன்னேன். அவர் பதில் பேசலை. அதுவும் அதே பொட்டிக்குள்ளதான் இருந்துச்சு.

அவரைக் கோவிச்சு என்ன பண்ண? எனக்குத்தான் வெட்கமா இருந்துச்சு. ஸ்ட்ராங் ரூம் டூப்ளிகேட் சாவியை நாங்க இன்னொரு கிளையில கொடுத்துதான் வைப்போம். அதே ரூமுக்குள்ள வச்சுப் பூட்டுவோமா? தினம் சாவியோட புழங்குறவனுக்கு இது தோணலையே!

பெரிய இடத்துலயும் இது நடந்திருக்கு. 2011 பிப்ரவரி கடைசியில ஜிமெயில்ல 0.02 சதவீதம் பேருக்குப் பெட்டி காலி. ஸ்டோரேஜ் சாஃப்ட்வேரைப் புதுப்பிச்சப்போ ஒரு பிழை. பல டேட்டா சென்டர்ல நகல் இருந்தும் பிழை அதையும் சேத்துத் தின்னுடுச்சு. காப்பாத்தினது பழங்கால டேப்! எதோடயும் இணைக்காம தனியா இருந்ததால தப்பிச்சுது. 2022 நவம்பர்ல தில்லி எய்ம்ஸ் சர்வர்களை வைரஸ்காரங்க பூட்டினப்பவும், அதுல சிக்காத ஒரு பேக்கப் சர்வர்லேர்ந்துதான் நோயாளிகள் விவரம் திரும்பி வந்துச்சு.

ஆக, கை தவறி அழிச்சா ஸ்னாப்ஷாட். பொட்டியே போனா பேக்கப். ரெண்டும் வேணும். மூணு நகல், ரெண்டு வகைப் பொருள்ல, ஒண்ணு வேற ஊர்லன்னு விவரம் தெரிஞ்சவங்க கணக்கு சொல்றாங்க.

எங்க வீட்டுல வேற ஊர் நகல் தற்செயலா அமைஞ்சுது. சில மெயிலை அப்பா சிங்கப்பூர்ல இருக்குற அக்காவுக்கும் சிசி போட்டிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கு என்னடா தயக்கம்"னு ராத்திரியே தேடி அனுப்பிட்டா. மொத்தம் 23. எட்டு வருஷத்துல மிஞ்சினது அவ்வளவுதான்.

இப்போ அது என் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, அக்காகிட்ட ஒண்ணு, திருநெல்வேலியில அம்மா பீரோவுல பென் டிரைவா ஒண்ணு. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்பல்லாம் அந்த டிரைவைச் செருகி, எல்லாம் திறக்குதான்னு பாக்குறேன். திறந்து பாக்காத பேக்கப் பேக்கப்பே இல்லைன்னு நண்பர் இப்போ சொல்றார்.

பாக்குற சாக்குல 23ஐயும் படிச்சு முடிச்சுடுவேன். அம்மா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாங்க.