கைக்கடங்கும் அடுப்பு

பொதிசுமந்து நெடுவழி நடப்பார்க்கு ஒவ்வொரு கிராமும் சுமையே. அமெரிக்காவில் 1937-இல் நிறைவுற்று, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் நடைவழியிற் செல்வார் பலர், பானம் அடைத்து விற்ற அலுமினிய டின்னையே வெட்டி அடுப்பாக்கிக் கொள்வர். அதனை யாமும் எம் வீட்டுப் பின்தாழ்வாரத்திற் செய்து வருகின்றோம். கத்தரிக்கோல், ஊசி, அளவுகோல், உப்புத்தாள் இவையே எம் பட்டறை.

இரு டின்களின் அடிப்பாகங்களை வெட்டுக. ஒன்றன் நடுவை நீக்கி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளையிடுக. அதனை மற்றதனுள் கவிழ்த்துச் செருகுதல் வேண்டும். இடையே தகட்டாலாகிய ஓர் உட்சுவர். தகடு காகிதக் கனமே யாதலின் செருகுங்கால் எளிதிற் கிழியும். கீழ்ப்பாகத்தின் வாயைச் சிறிது சிறிதாக விரித்தலே இவ்வேலையின் உயிர். கத்தரிக்கோலினும் பொறுமையே ஈண்டு பெருங்கருவி. முடிந்த அடுப்பு 15 கிராம் அளவிற்றே.

நடுவில் எரிசாராயம் வார்த்துத் தீயிட்டால் முதலிற் சோம்பி எரியும். பின்னர்ச் சுவர்களினிடையே ஆவி எழுந்து, துளைதோறும் நீலச்சுடர் மலரும். அலுமினியம் 660 பாகை சென்டிகிரேடில் உருகுவதாயினும், 78 பாகை அளவிற் கொதிக்கும் சாராயம் உள்ளிருக்குமளவும் தகட்டைக் காக்கும்.

ஆயினும் பட்டப்பகலில் அச்சுடர் கண்ணுக்குப் புலனாகாது. அணைந்ததென்று கருதி மீண்டும் வார்ப்பாரது கைப்புட்டியே தீப்பற்றும். திருகி அணைக்கும் வழியும் இதற்கில்லை. ஆகலின் கவிழ்த்து மூடுதற்குத் தடித்த தகரத்தில் ஒரு மூடி செய்தோம்; அஃது அடுப்பினும் கனமானது! சுமை குறைக்கப் புகுந்தார்க்கு இஃது எற்றுக்கெனத் தோழர் நகைப்பர். நகைக்கட்டும்; அம்மூடியின்றி யாம் பொதி கட்டுவதில்லை.